மஞ்சப்பையைக் கொட்டச் சொல்லுங்கள்: காப்பீடு இல்லாத நோயாளி வீடு திரும்பும்போது மருந்துக்கடையில் செய்ய வேண்டியவை

டி.ஃபார்ம் முடித்துவிட்டுப் பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ ஒரு மருந்துக்கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். ஒரு வாரத்துக்குள் இவரைப் பார்த்துவிடுவீர்கள். ஏதோ ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அன்று காலைதான் டிஸ்சார்ஜ். புறங்கையில் ஊசி எடுத்த இடத்தில் பஞ்சும் பிளாஸ்திரியும் அப்படியே இருக்கும். கூட வந்த மகள் ஒரு மஞ்சப்பையை அணைத்துப் பிடித்திருப்பாள். சீட்டில் முப்பது நாளைக்கு எழுதியிருக்கும். அவர் கேட்பதோ, "ரெண்டு நாளைக்கு மட்டும் குடுங்க தம்பி, அப்புறம் வந்து வாங்கிக்கிடுதேன்."

அப்புறம் வர மாட்டார். ஆஸ்பத்திரி பில்லுக்கே கம்மலை அடகு வைத்திருப்பார்கள். வீட்டுக்குப் போய் அவரே ஒரு முடிவு எடுப்பார்: ஒன்றைப் பாதியாக உடைப்பார், ஒன்றை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவார், ஒன்றை அடியோடு விட்டுவிடுவார். இதில் ஒரு பழக்கத்தைக் கவனித்திருக்கிறேன். போட்டால் சுகம் தெரிகிற மாத்திரையை விடமாட்டார்கள். வலி மாத்திரை, கேஸ் மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாம் தீர்ந்ததும் வாங்கிவிடுவார்கள். போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றும் தெரியாத மாத்திரையைத்தான் விடுவார்கள். இதய ரத்தக் குழாயில் வைத்த ஸ்டென்ட் அடைக்காமல் இருக்கவும் பிரஷர் ஏறாமல் இருக்கவும் கொடுப்பதெல்லாம் அந்த ரகம்தான்.

காசு பத்தாதபோது எந்த மாத்திரையை விடுவது என்ற அந்த முடிவு எப்படியும் எடுக்கப்படும். அது வீட்டு அடுப்படியில் எடுக்கப்படாமல், நம் கண் முன்னால், டாக்டர் காதுக்கும் எட்டும்படி எடுக்கப்பட வேண்டும். அதற்கு என்னென்ன செய்யலாம் என்பதைத்தான் வரிசையாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் உட்கார வையுங்கள்

கடையில் ஒரு ஸ்டூலாவது போட்டு வையுங்கள். டிஸ்சார்ஜ் ஆனவர் நின்றுகொண்டே எதையும் காதில் வாங்க மாட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பார். எந்த பஸ் என்று கேளுங்கள். முக்கூடல் பஸ்ஸோ களக்காடு பஸ்ஸோ, அடுத்தது எப்போது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் அரைமணி நேரம் கிடைக்கும். கேலிக்குச் சொல்லவில்லை, பஸ் நேரம் தெரிந்த பார்மசிஸ்ட் இந்த ஊரில் பாதி வைத்தியர்.

காசு விஷயத்தை நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். "எவ்வளவு வச்சிருக்கிய?" என்று கவுண்டரில் கேட்டால் கௌரவத்துக்காக, "இருக்கு இருக்கு" என்பார்கள். "அண்ணாச்சி, முழுசா எடுத்துக்கிறியளா, இல்ல பத்துப் பத்து நாளா எடுத்துக்கிறியளா?" என்று கேட்டுப் பாருங்கள். விஷயம் தானாக வெளியே வரும். பெரும்பாலும் பேசுவது கூட வந்த பெண்ணாகத்தான் இருக்கும். மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போவதும் அவர்தான். அதனால் சொல்வதை இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்லுங்கள்.

பையைக் கொட்டுங்கள்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். சீட்டை வாங்கி, எழுதியதை எடுத்து, கவரில் போட்டுக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம். நெஞ்சுவலிக்குப் படுத்துத் திரும்பிய ஒரு பெரியவருக்குச் சீட்டில் இருந்த மெட்டோபுரோலாலைக் கொடுத்தேன். ஊரில் அவர் பல வருஷமாகப் பிரஷருக்கு அட்டனலால் போட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. பேர் வேறு, அட்டை நிறம் வேறு, ஆனால் இரண்டும் இதயத் துடிப்பைக் குறைக்கிற ஒரே வகை மருந்து. புது மாத்திரை நெஞ்சுவலிக்கு, பழையது பிரஷருக்கு என்று நினைத்து இரண்டையும் ஒழுங்காகப் போட்டிருக்கிறார். நாலாம் நாள் குளியலறையில் மயங்கி விழுந்து நெற்றியில் தையல். மகன் வந்து என்னைத் திட்டவில்லை. "நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா" என்று மட்டும் சொன்னான். அன்றிலிருந்து யாராயிருந்தாலும் பையைக் கொட்டச் சொல்கிறேன்.

கொட்டினால் என்னென்ன வரும்? ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டைகள், ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிய, 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்ட அரசு அட்டைகள், போன வருஷ ஆன்டிபயாட்டிக் மிச்சம், பெட்டிக்கடையில் தனித்தனியாக வாங்கிய உடம்புவலி மாத்திரை, சமயத்தில் ஒரு லேகிய டப்பா. பழைய மருந்து வீட்டில் இருக்கிறது என்றால் வீட்டுக்கு போன் போட்டு அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இப்போது எந்த வீட்டிலும் ஒரு பேரனிடமாவது வாட்ஸ்அப் இருக்கிறது.

லேகியத்தைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சித்த வைத்தியம் இந்த ஊருக்குப் புதிதல்ல. யார் கொடுத்தது, எப்போது சாப்பிடுகிறார் என்று கேட்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள், டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சுளித்தால் அடுத்த முறை டப்பா வீட்டிலேயே இருந்துகொள்ளும்.

உடம்புவலி மாத்திரை வேறு கதை. பீடி சுற்றும் பெண்கள் நாள் முழுக்க மடியில் தட்டை வைத்துக் குனிந்தே இருப்பவர்கள். முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக் அவர்களுக்கு மிட்டாய் மாதிரி. இதயம் பலவீனமாகி நீர் கோத்துப் படுத்துத் திரும்பியவர், கிட்னி பாதித்தவர், ஆஸ்பிரின் போடுகிறவர் இவர்களெல்லாம் அதைத் தொடவே கூடாது. நீர் மறுபடி கோக்கும், கிட்னி கெடும், வயிற்றில் ரத்தம் கசியும். "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போய் வாங்கிப் போடத்தான் செய்வார்கள். வலிக்குப் பாராசிட்டமால் போடலாமா, எவ்வளவு போடலாம் என்று டாக்டரிடம் கேட்டு அதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்.

ஒரே தாளில் எழுதுங்கள்

எல்லாவற்றையும் பார்த்த பிறகு ஒரு தாளை எடுத்து, இனிமேல் போட வேண்டியது இவ்வளவுதான் என்று எழுதுங்கள். மருந்தின் பேர், எதற்கு, எப்போது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா. எதற்கு என்பதை "பிரஷருக்கு", "ரத்தம் உறையாமல் இருக்க" என்று தமிழில் எழுதுங்கள். எழுத்து தெரியாதவர் என்றால் கவரில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுங்கள். நிறுத்த வேண்டிய பழைய அட்டைகளைத் தனி கவரில் போட்டு, டாக்டர் சரி என்றதும், மேலே பெரிதாக ஒரு பெருக்கல் குறி. தூக்கி எறியச் சொன்னால் எறிய மாட்டார்கள், காசு கொடுத்து வாங்கியது. அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் காட்டக் கொண்டுபோகட்டும்.

அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது எக்ஸ்பைரி தேதி இருக்கும் முனை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். வெட்டிக் கொடுத்த துண்டில் பேரும் தேதியும் இல்லையென்றால் கவரில் எழுதிவிடுங்கள். நாளைக்கு யாராவது பையைக் கொட்டிப் பார்க்கும்போது பேரில்லாத அந்த நாலு வெள்ளை மாத்திரையால் ஒரு பிரயோஜனமும் இருக்காது.

எது நிற்கக் கூடாது

இப்போது காசுக்கு வருவோம். மேஜையில் மருந்துகளை மூன்று கூறாகப் பிரியுங்கள். மனசுக்குள் பிரித்தாலும் சரி.

ஒருநாள்கூட நிற்கக் கூடாதவை முதல் கூறு. ஸ்டென்ட் வைத்தவருக்கு ரத்தம் உறையாமல் காக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும், வால்வு மாற்றியவரின் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, வலிப்பு மாத்திரை, இன்சுலின், பல நாள் போட்ட ஸ்டீராய்டு, மெட்டோபுரோலால் போன்றவை. சிலவற்றைச் சட்டென நிறுத்தினால் இருந்த நோயைவிடப் பெரிய ஆபத்து வரும். இரண்டாவது கூறு, நாள் கணக்குள்ளவை. ஆன்டிபயாட்டிக் ஏழு நாள் என்றால் வார்டில் எத்தனை நாள் ஊசியாகப் போனது, இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று பாருங்கள். அதை முழுசாக வாங்க வையுங்கள், பாதியில் விடக்கூடாது. மூன்றாவது கூறில் சத்து மாத்திரை, டானிக், புரோட்டீன் பவுடர். ஏழு மருந்து எழுதிய சீட்டில் பாதிக் காசு இந்த மூன்றாவது கூறுக்கே போவதை அடிக்கடி பார்ப்பீர்கள். புரோட்டீன் பவுடர் டப்பாவின் விலையில் குளோபிடோக்ரெல் எத்தனை நாளைக்கு வாங்கலாம் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். கோபம் வரும்.

ஆனால் நீங்களாக எதையும் கழிக்காதீர்கள். கேஸ் மாத்திரைதானே, விட்டுவிடலாம் என்று தோன்றும். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்துப் போடும் வயசானவருக்கு அந்த கேஸ் மாத்திரைதான் வயிற்றில் ரத்தம் கசியாமல் காக்கிறது. பிரிப்பது நம் வேலை, கழிப்பது டாக்டர் வேலை.

பிராண்டுக்குப் பதில் மலிவான ஜெனரிக் (உள்ளே அதே மருந்து, கம்பெனி வைத்த பேர் இருக்காது) கொடுப்பதும் அப்படித்தான். மருந்து விதிகளில் 65-ஆம் விதி, ஷெட்யூல் எச் மருந்துக்கு (டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை) எழுதியதை விட்டு வேறொன்றைக் கொடுக்கக் கூடாது என்கிறது, உள்ளே இருக்கும் மருந்து ஒன்றாக இருந்தாலும். ஊரெல்லாம் மாற்றித்தானே கொடுக்கிறார்கள் என்பீர்கள். சரி, கொடுக்கிறார்கள். நீங்கள் போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

போன் என்றதும் புதியவர்களுக்குக் கை நடுங்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் ஆஸ்பத்திரி நம்பர் இருக்கும். வளவள என்று பேசாதீர்கள். இப்படிப் பேசுங்கள்: "சார், மெடிக்கல்லேருந்து பார்மசிஸ்ட் பேசுதேன். இன்னைக்கு டிஸ்சார்ஜ் ஆன உங்க பேஷண்ட் இன்னார், ஸ்டென்ட் வச்சவரு. ஏழு மருந்து எழுதியிருக்கிய, கையில பத்து நாளைக்குத்தான் காசு இருக்கு. முக்கியமான நாலையும் ஜெனரிக்ல ஒரு மாசத்துக்குக் குடுத்துட்டா டானிக்கையும் பவுடரையும் நிறுத்தலாமா? ஊர்ல அட்டனலால் போட்டுக்கிட்டு இருந்திருக்காரு, அதை நிறுத்திரலாம்லா?" அரை நிமிஷம்தான். பேர், நோய், பிரச்சினை, நீங்கள் கேட்கும் முடிவு. கையில் தீர்வோடு பேசுகிறவரை எந்த டாக்டரும் லேசில் கடிந்துகொள்வதில்லை. சரி என்றால் மாற்றிய சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வாய்வார்த்தை நாளைக்கு உங்களைக் காப்பாற்றாது.

இலவசமாகக் கிடைக்கும் இடத்தைக் காட்டுங்கள்

கடை முதலாளிக்கு இது பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் சொல்லுங்கள். இன்றைக்கு வழிகாட்டி அனுப்பிய குடும்பம் காய்ச்சல் சளிக்கு உங்கள் கடைக்குத்தான் வரும்.

பிரஷர், சுகர் மாத்திரை ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிந்தவருக்கு வீட்டுக்கே வரும். படுத்த படுக்கையாகத் திரும்பியவருக்கு வீட்டுக்கு வந்து பிசியோதெரபி செய்வதும் அதில் உண்டு. பலருக்கு இது தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரியின் ஜெராக்ஸோடு போகச் சொல்லுங்கள், வெறும் வாயால் சொன்னால் பதிய மாட்டார்கள். காசு தீர்ந்து, சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து பாதியில் வந்தவர் என்றால் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். நேராக ஐகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு, அந்தத் தாள்களோடு. டி.பி. என்றால் மருந்து முழுக்க அரசு இலவசம், கடையில் ஒரு மாத்திரைகூட வாங்க வேண்டியதில்லை.

காசு கொடுத்துத்தான் வாங்கியாக வேண்டும் என்றால் மத்திய அரசின் மக்கள் மருந்தகமும், மாநில அரசு 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகமும் இருக்கின்றன. அங்கே என்ன இருக்கிறது என்று முன்னால் கேட்டுவிட்டு அனுப்புங்கள். இல்லாத மருந்துக்கு வெயிலில் அலையவிட்டால் அடுத்த முறை போக மாட்டார்.

பீடி சுற்றுகிறவரா, அடையாள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். பீடித் தொழிலாளருக்கென்று முக்கூடலிலேயே மத்திய அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. அட்டையைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு இங்கே கடன் வாங்கி மருந்து வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், காப்பீடு இல்லை என்பவரை அப்படியே விட்டுவிடாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் இவற்றோடு கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டும். சந்தேகத்துக்கு 1800 425 3993. இங்கே அட்டை இல்லாமல் வருவது பெரும்பாலும் புருஷனைப் பிரிந்து அம்மா வீட்டுக்கு வந்த பெண், ரேஷன் கார்டு இன்னும் பழைய ஊரில் கிடக்கும் குடும்பம், செங்கல் சூளைக்கு வந்தவர்கள். முதலில் கார்டு மாற்றம், அப்புறம்தான் காப்பீடு. இந்தத் தடவைச் செலவுக்கு அது உதவாது, மாசாமாசம் போடும் மாத்திரைக்கும் அது அல்ல. அடுத்த முறை படுக்க நேர்ந்தால் கம்மல் மிஞ்சும்.

கையில் எடுத்துக் காட்டுங்கள்

வாயால் சொல்வதில் பாதி பஸ்ஸிலேயே மறந்துபோகும். இரண்டு விஷயத்தை மட்டுமாவது செய்துகாட்டி, அவர்களைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.

ஒன்று, மூச்சிரைப்புக்குக் கொடுக்கும் ரோட்டாகேப். பார்க்க கேப்சூல் மாதிரியே இருக்கும், தண்ணீர் ஊற்றி விழுங்கிவிடுவார்கள். "போட்டேம்யா, ஒண்ணும் கேக்கல" என்று வந்த ஒரு தாத்தாவிடம் எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். சாப்பாட்டுக்கு அப்புறம், சுடுதண்ணியில் என்றார். ரோட்டாஹேலரில் வைத்துத் திருகி, மூச்சை வெளியே விட்டு, அப்புறம் வேகமாக உறிஞ்சி, பத்து எண்ணும் வரை பிடிக்க வேண்டும். முடிந்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும்.

இன்னொன்று இன்சுலின். குப்பியில் மில்லிக்கு 40 யூனிட் என்று இருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 என்று இருந்தால் ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியை சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். சிரிஞ்சு விற்கும்போது குப்பியைக் கண்ணால் பார்க்காமல் கொடுக்காதீர்கள். ஃபிரிஜ் இல்லாத வீடு என்றால் சின்ன மண்பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் ஒரு சொம்பில் குப்பியை வைக்கலாம். நம் ஊர் சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுப் பரணில் வைத்தால் மருந்து வீண்.

சுகர் இறங்கினால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேர்த்து, கை நடுங்கி, கண் இருண்டால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். கருப்பட்டித் துண்டு இருந்தாலும் ஆகும். உடனே ஒரு கேள்வி வரும்: "அப்ப கருப்பட்டிக் காப்பி குடிக்கலாம்லா?" உடன்குடிக் கருப்பட்டியே ஆனாலும் அது சுகரை ஏற்றத்தான் செய்யும் என்று சொல்லுங்கள். நம்ப மாட்டார்கள். திரும்பவும் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் ஒரு போன்

ஒரு நோட்டுப் போடுங்கள். கடன் நோட்டு அல்ல, தனி நோட்டு. பேர், ஊர், போன் நம்பர், மருந்து தீரும் தேதி, மறுபடி டாக்டரைப் பார்க்கும் தேதி. அதைக் கவுண்டரில் போட்டு வைக்காமல் மேஜை இழுப்பறைக்குள் வையுங்கள்; யாருக்கு என்ன நோய் என்பது அடுத்தவர் பார்க்க அல்ல.

மூன்றாம் நாள் போன் போட்டு, "மாத்திரை போடுதியளா?" என்று கேட்காதீர்கள். "ஆமா" என்றுதான் வரும். "காலையில எத்தனை போட்டிய? அட்டையில மிச்சம் எத்தனை இருக்கு?" என்று கேளுங்கள். எண்ணிச் சொல்லும்போது உண்மை வந்துவிடும். மூச்சு முட்டுகிறதா, கால் வீங்குகிறதா, நீர் கோத்துப் படுத்தவருக்கு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடியிருக்கிறதா, மலம் கருப்பாகப் போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எதற்காவது ஆமாம் என்றால் அன்றே டாக்டர். நெஞ்சுவலி, பேச்சு குழறல், மயக்கம் என்றால் உங்களிடம் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், 108.

முக்கூடல் பக்கத்து ஆச்சி ஒருத்தியிடம் இப்படி எண்ணச் சொன்னபோது மற்ற அட்டையெல்லாம் சரியாக இருந்தது, நீர் பிரிய வைக்கும் லேசிக்ஸ் மட்டும் அப்படியே இருந்தது. காசில்லாததால் அல்ல. "அதைப் போட்டா அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க போகச் சொல்லுதுய்யா. பீடிக் கடையில போய் வரிசையில நிக்கணும்லா, அங்கன எங்க போவேன்?" காலையில் சுற்றிய பீடியைக் கொடுக்கப் போகிற நேரமும் மாத்திரை நேரமும் ஒன்று. டாக்டரிடம் கேட்டு, கடைக்குப் போய்த் திரும்பி வந்தபின் பதினோரு மணிக்குப் போடும்படி மாற்றினோம். ராத்திரிக்குத் தள்ளவில்லை, இருட்டில் எழுந்து போய் விழுந்துவிடக் கூடாது என்று. அடுத்த வாரம் எண்ணியபோது லேசிக்ஸ் அட்டையில் ஏழு குறைந்திருந்தது.